யாரிடமிருந்து வந்தது? காசநோய்க் கிருமியின் தடம் தேடும் வரைபடங்கள்

காசநோய் என்று உறுதியானதும் நோயாளர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாளில் "குணமாகுமா?" என்பார்கள். மருந்து தொடங்கிச் சில வாரங்கள் கழிந்து, காய்ச்சல் தணிந்து, பசி எடுக்கத் தொடங்கிய பின் இரண்டாவது கேள்வி வரும்: "இது எனக்கு யாரிடமிருந்து வந்தது?" மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் வாய்விட்டுக் கேட்பதில்லை. துணைக்கு வந்திருக்கும் தாயையோ மடியில் இருக்கும் குழந்தையையோ ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். என்னால் இவர்களுக்குப் போயிருக்குமோ என்பதே அந்தப் பார்வையின் பொருள்.

துணைக்கு வருபவர்களின் மனத்திலும் இதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேலை செய்யும் இடத்தில் இருமிக்கொண்டிருந்தவர், திருமணத்திற்கு வந்து பத்து நாள் தங்கிய உறவினர், முன்பு குடியிருந்த வீட்டின் மாடியில் இருந்த முதியவர் என்று ஒரு பட்டியல் உருவாகும். பட்டியல் உருவானதும் அதில் எவரேனும் ஒருவர்மீது பழி விழும். சில வீடுகளில் அது புதிதாக வந்த மருமகள்மீது விழுவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

"உறுதியாகச் சொல்ல இயலாது" என்பதே நாங்கள் வழக்கமாகத் தரும் விடை. அது உண்மையான விடைதான். ஆனால் கேட்டவருக்கு மன நிறைவு தருவதன்று. உலகின் சில நகரங்களில் இதே கேள்வியை ஆய்வாளர்கள் வேறு வழியில் கேட்டிருக்கிறார்கள். தனி ஒருவருக்கு எவரிடமிருந்து வந்தது என்று தேடுவதற்கு மாறாக, ஒரு நகரம் முழுவதிலும் கிருமி எங்கெங்கே கைமாறுகிறது என்று தேடினார்கள். அதற்கு இரண்டு கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள்: ஒன்று, கிருமியின் மரபணு, மற்றொன்று, நோயாளரின் முகவரி. அவர்கள் கண்டறிந்தவற்றுள் நம் வீடுகளில் எழும் பழிச்சொற்களுக்கு விடை சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. அதனால்தான் இந்த இதழில் இதை எழுத முனைந்தோம்.

நினைவுக்கு எட்டாத தொற்று

காசநோய்க்குக் காரணமான கிருமியை இராபர்ட் காக் பெர்லின் நகரில் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். கிருமி தெரிந்துவிட்டது, அது வரும் வழியும் தெரிந்துவிட்டது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் மிக நுண்ணிய திவலைகள், காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றை மூச்சோடு இழுப்பவருக்குத் தொற்று ஏற்படலாம். தட்டு, குவளை, துணி ஆகியவற்றால் இந்நோய் பரவுவதில்லை. ஆயினும் தனித் தட்டு வைக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் ஒழிந்தபாடில்லை.

இந்த நோயில் தடம் தேடுவது ஏன் கடினம்? வாந்திபேதி என்றால் நேற்றோ முந்தாநாளோ குடித்த நீரைச் சொல்லிவிடலாம். காசநோய்க் கிருமி அப்படி அவசரப்படுவதில்லை. தொற்று ஏற்பட்டவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றேனும் நோயாக வெளிப்படுகிறது. அவ்வாறு வெளிப்படுவதில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்கிறது. ஆனால் எஞ்சியவர்களுக்குக் கிருமி உடலுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ, சர்க்கரை நோய் வந்த பிறகோ, வேறு காரணத்தால் எதிர்ப்பாற்றல் குறையும்போதோ விழித்துக்கொள்கிறது. இன்று இருமும் ஒருவருக்குத் தொற்று சென்ற ஆண்டு வந்திருக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். அன்று அருகில் அமர்ந்திருந்த முகத்தை எவரால் நினைவுகூர முடியும்?

சுவடிப் பிழையும் கிருமியின் பிழையும்

நினைவு கைவிடும் இடத்தில் கிருமியின் மரபணு உதவிக்கு வருகிறது. இதை விளக்க நம்மிடம் ஒரு நல்ல உவமை உண்டு. ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஒரே நூலுக்குப் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி, அவற்றை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். ஏட்டைப் பார்த்துப் பெயர்த்து எழுதுபவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டால், அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரிடமும் அதே பிழை தொடரும். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே விதமான பிழை காணப்பட்டால், அவை ஒரு தாய் ஏட்டின் வழிவந்தவை என்று ஊகிக்கலாம். அந்த ஏடுகள் எந்த ஊரில் கிடைத்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நூல் எவ்வழியே பயணம் செய்தது என்பதும் ஓரளவு விளங்கும்.

காசநோய்க் கிருமியும் தன்னைத்தானே பெயர்த்து எழுதிக்கொள்ளும் ஓர் ஏடுதான். அதன் மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகள் உள்ளன. 1998இல் அது முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது. இந்த எழுத்தாளர் மிகவும் கவனமானவர். சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து அளவில்தான் பிழை விடுகிறார். ஆகவே இருவரிடமிருந்து எடுத்த கிருமிகளுக்கு இடையே எத்தனை எழுத்துகள் வேறுபடுகின்றன என்று எண்ணினால், அவை எவ்வளவு காலத்திற்கு முன் பிரிந்தன என்று மதிப்பிடலாம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. வேறுபாடு ஐந்து எழுத்துகளோ அதற்குக் குறைவோ என்றால் அண்மையில் நிகழ்ந்த தொற்றாக இருக்கக்கூடும். பன்னிரண்டைத் தாண்டினால் அந்த இருவருக்குள் அண்மைத் தொற்று நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை.

முழு ஏட்டையும் படிப்பது எளிதாவதற்கு முன் சுருக்கமான வழிகள் இருந்தன. இன்றும் பல இடங்களில் அவை பயன்படுகின்றன. கிருமியின் மரபணுத் தொகுப்பில் சில இடங்களில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும். ஓரிடத்தில் இருமுறை, வேறோரிடத்தில் ஐந்து முறை என்று அந்த எண்ணிக்கை கிருமிக்குக் கிருமி மாறுபடும். இத்தகைய 24 இடங்களைத் தேர்ந்தெடுத்து எண்ணினால், 24 எண்கள் கொண்ட ஓர் அடையாளக் குறியீடு கிடைக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இந்த முறைகள் ஒருவரை விடுவிப்பதில் வல்லவை. குற்றம் சாட்டுவதில் அவ்வளவு வல்லவை அல்ல. இருவரின் கிருமிகள் பெரிதும் வேறுபட்டால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவில்லை என்று துணிந்து சொல்லலாம். ஒன்றாக இருந்தால் என்ன சொல்லலாம்? முதலாமவரிடமிருந்து இரண்டாமவருக்கு வந்திருக்கலாம். இரண்டாமவரிடமிருந்து முதலாமவருக்கு வந்திருக்கலாம். நமக்குத் தெரியாத மூன்றாம் நபரிடமிருந்து இருவருக்குமே வந்திருக்கலாம். கிருமி இத்தனை மெதுவாகப் பிழை விடுவதால், யார் முன், யார் பின் என்று பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது.

சான் பிரான்சிஸ்கோவின் வியப்பு

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் கண்டறியப்பட்ட 473 காசநோயாளர்களின் கிருமிகளை ஆய்வாளர்கள் மரபணு அடையாளம் கொண்டு ஒப்பிட்டனர். முடிவுகள் 1994இல் வெளியாயின. அவர்களுள் 191 பேருக்கு நோய் வந்தது அண்மைத் தொற்றினால் என்று தோன்றியது. அதுவரை, உறங்கிக் கிடந்த பழைய கிருமி விழிப்பதே அத்தகைய நகரங்களில் பெரும்பான்மைக் காரணம் என்று கருதப்பட்டு வந்தது. மரபணு 44 திரள்களைக் காட்டியது. அவற்றுள் இருபதில் இரண்டு பேர் மட்டுமே இருந்தனர். மிகப் பெரிய திரளில் 30 பேர் இருந்தனர்.

எங்களைப் போன்ற மருத்துவமனையாளர்களைச் சிந்திக்க வைப்பது அந்த ஆய்வின் வேறொரு செய்தி. நோயாளரிடம் விசாரித்து, அவருடன் பழகியவர்களைப் பட்டியலிட்டுத் தேடும் வழக்கமான முறையால், அந்த 191 பேருள் பத்து விழுக்காட்டினருக்கு இடையில் மட்டுமே தொடர்பு கண்டறியப்பட்டிருந்தது. எஞ்சியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததாக எந்தப் பட்டியலும் காட்டவில்லை. ஆனால் ஏதோ ஓரிடத்தில் ஒரே காற்றைச் சுவாசித்திருக்கிறார்கள்.

அந்த இடம் எது என்ற கேள்விதான் வரைபடத்தைக் கொண்டுவந்தது.

புள்ளிகளை நம்பலாமா?

நோயாளர்களின் வீடுகளை வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்ப்பது எளிய செயலாகத் தோன்றும். ஆனால் அப்புள்ளிகள் எளிதில் ஏமாற்றும். மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் எந்த நோய்க்கும் புள்ளிகள் நெருக்கமாகத்தான் விழும். ஆகவே எத்தனை பேர் வாழும் இடத்தில் எத்தனை பேருக்கு நோய் என்ற விகிதத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆயிரம் பேர் வாழும் சிறு பகுதியில் ஓராண்டில் ஒருவருக்கு நோய் வந்து, மறு ஆண்டில் மூவருக்கு வந்தால் விகிதம் மும்மடங்காகிவிடும். அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அன்றியும் வார்டு எல்லைகள் நிர்வாக வசதிக்காக வரையப்பட்டவை. தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் வேறொரு வார்டு என்பதைக் காற்று அறியாது.

எனவே ஆய்வாளர்கள் எல்லைக் கோடுகளை மறந்துவிட்டு, ஒவ்வோர் இடத்தின் கணக்கையும் அதன் அண்டை இடங்களின் கணக்கோடு கலந்து, மேடு பள்ளம் போலத் தொடர்ச்சியான ஒரு நோய்ப் பரப்பை வரைகிறார்கள். மேடாகத் தெரியும் இடம் உண்மையில் மேடுதானா என்று அறியச் சீட்டுக் குலுக்குவது போன்ற ஒரு சோதனையும் உண்டு. வீடுகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இன்ன வீட்டில் இன்ன வகை நோய் என்ற சீட்டுகளை மட்டும் கணினியில் மீண்டும் மீண்டும் கலைத்துப் போடுவார்கள். கலைத்துப் போட்ட வரைபடங்களிலும் அதே அளவு மேடு அடிக்கடி தோன்றினால், நாம் முதலில் கண்டது தற்செயலே. எத்தனை முறை கலைத்தாலும் அவ்வாறான மேடு அரிதாகவே தோன்றினால், அந்த இடத்தில் ஏதோ நடக்கிறது.

லீமா நகரின் பாடம்

பெரு நாட்டின் தலைநகரான லீமாவில் நடந்த ஆய்வை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் ஆகிய இரண்டு முதன்மை மருந்துகளுக்கும் கட்டுப்படாத பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் அந்நகரில் நெடுநாளாகவே பெருஞ்சிக்கல். 2009 முதல் 2012 வரை, நகரின் 106 நலவாழ்வு மையங்களின் எல்லைக்குள் கண்டறியப்பட்ட காசநோயாளர்களையும் அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். சளியை வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தி, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று பார்த்து, மேலே சொன்ன 24 எண் குறியீட்டையும் எடுத்தனர். இவை மூன்றும் முழுமையாகக் கிடைத்த 3,286 பேர் ஆய்வில் இடம்பெற்றனர். முடிவுகள் 2016இல் வெளியாயின.

மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தபோது, பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் மிகுதியாக இருந்த மையத்தின் விகிதம், மிகக் குறைவாக இருந்த மையத்தின் விகிதத்தைப் போல 89 மடங்கு. ஒரே நகரத்திற்குள் இத்தனை வேறுபாடு! (மிகக் குறைந்ததையும் மிக உயர்ந்ததையும் ஒப்பிடும்போது எண்கள் எப்போதும் சற்று மிகையாகவே தோன்றும் என்பதையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.) தொடர்ச்சியான பரப்பாக வரைந்து பார்த்தபோது, பல மையங்களின் எல்லைகளைக் கடந்து ஒரே மேடாக ஒரு பகுதி தெரிந்தது. அங்கே காசநோய் வந்தவருக்கு அது எதிர்ப்பு வகையாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு.

இதுவரை வரைபடம் மட்டுமே பேசியது. அதன் பேச்சை இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். முதலாவது: அப்பகுதியில் சிகிச்சை சரியாக நடக்கவில்லை. மருந்து இடையிடையே தடைப்பட்டிருக்கலாம். போதிய மருந்து தரப்படாமல் இருந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு நோயாளரின் உடலுக்குள்ளும் கிருமி தனித்தனியே எதிர்ப்பைக் கற்றுக்கொண்டிருக்கலாம். இரண்டாவது: எதிர்ப்பை ஏற்கெனவே பெற்றுவிட்ட கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் காற்று வழியே பரவிக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே வண்ணம்தான். ஆனால் தீர்வுகள் முற்றிலும் வேறு. முதலாவதற்கு மருந்து தரும் முறையைச் சீர்செய்ய வேண்டும். இரண்டாவதற்கு, நோயாளர்களை விரைந்து கண்டறிந்து, எதிர்ப்பு உள்ளதா என்று தொடக்கத்திலேயே சோதித்து, சரியான மருந்தை உடனே தொடங்கிப் பரவலை நிறுத்த வேண்டும்.

எது உண்மை என்பதை மரபணுதான் சொல்ல முடியும். எதிர்ப்புத் தனித்தனியே உருவாகியிருந்தால், அப்பகுதி நோயாளர்களின் கிருமிகள் பல்வேறு குறியீடுகளோடு கலந்து கிடக்கும். பரவியிருந்தால், ஒரே குறியீடு கொண்ட கிருமிகள் அருகருகே கூடியிருக்கும். அதற்காக ஆய்வாளர்கள் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டனர்: ஒரே குறியீடு உடையவர்களின் வீடுகள், தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா? நெருங்கியே இருந்தன. எதிர்ப்புக் கிருமியின் சில வகைகள் குறிப்பிட்ட இடங்களில் திரண்டிருந்தன. அவ்வட்டாரத்திற்குள்ளேயே நிகழும் தொற்று, லீமாவின் எதிர்ப்புக் காசநோய்க்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவு கூறினர்.

பழி யார்மீது?

பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்று அறிக்கை வந்ததும் எங்கள் நோயாளர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் சொல், "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய்" என்பது. வீட்டார் சொல்வார்கள், அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். மருத்துவப் பணியாளர்களும் சொல்வதுண்டு என்பதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. முன்பு காசநோய் மருந்தே உண்டிராத ஒருவரிடமும் இதைச் சொல்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டால் மாகாணத்தில், இன்னும் கடுமையான, மிகப் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் வந்த 404 பேரை 2011 முதல் 2014 வரை ஆய்ந்தனர். அவர்களுள் 280 பேர், அதாவது 69 விழுக்காட்டினர், அதற்கு முன் எதிர்ப்புக் காசநோய்க்கான மருந்துகளை உண்டவர்களே அல்லர். உண்ணாத மருந்துகளுக்கு அவர்கள் உடலுக்குள் எதிர்ப்பு எப்படி உருவாகும்? எதிர்ப்போடு கூடிய கிருமியே அவர்களுக்குத் தொற்றியிருக்கிறது. மரபணு ஒப்பீட்டிலும் 386 பேருள் 323 பேரின் கிருமிகள் ஏதேனும் ஒரு திரளைச் சேர்ந்தவையாக இருந்தன. மருந்தைத் தவறவிட்டால் எதிர்ப்பு உருவாகும் என்பது உண்மைதான். அதை நாங்கள் ஒவ்வொரு நாளும் சொல்கிறோம், இனியும் சொல்வோம். ஆனால் எதிர்ப்பு உள்ளவர் எல்லாரும் மருந்தைத் தவறவிட்டவர் என்று தலைகீழாக்கிச் சொல்வது பிழை.

அதே ஆய்வில் தொற்றுத் தொடர்பு தேடியபோது, சிலருக்கு இணைப்பாகத் தெரிந்தது ஒரே மருத்துவமனையில் ஒரே காலத்தில் இருந்ததுதான். மருத்துவமனை இதழில் இதை எழுதுவது எங்களுக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது. இருமலோடு வருபவர்களை வரிசையில் காத்திருக்க விடாமல் முன்னதாக அழைப்பதும், முகக்கவசம் தருவதும், குளிர்காலத்திலும் காத்திருப்புக் கூடத்தின் சன்னல்களைத் திறந்து வைப்பதும் இதற்காகத்தான். காற்று வருகிறது என்று சன்னலைச் சாத்தும் அன்பர்கள் தயவுசெய்து அதைத் திறந்தே விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இனி அந்த மூன்றாவது கேள்வி. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், காசநோய் மிகுந்த இரண்டு புறநகர்ப் பகுதிகளில், ஒரே வீட்டில் வாழ்ந்த நோயாளர்களின் கிருமிகளை ஒப்பிட்டார்கள். ஒரே வீட்டில் இருவருக்கு நோய் என்றால் ஒருவரிடமிருந்துதான் மற்றவருக்கு வந்திருக்கும் என்று எவரும் நினைப்போம். ஆனால் பல வீடுகளில் இருவரின் கிருமிகளும் வெவ்வேறாக இருந்தன. சமுதாயத்தில் நிகழ்ந்த தொற்றில் 19 விழுக்காடு மட்டுமே வீட்டிற்குள் நிகழ்ந்தது என்று 2004இல் வெளியான அந்த ஆய்வு மதிப்பிட்டது. எஞ்சியவை வீட்டிற்கு வெளியே, மக்கள் கூடும் இடங்களில் நிகழ்ந்தவை. நோய் குறைவாக உள்ள ஊரில் இந்த விகிதம் வேறாக இருக்கும். ஆயினும் நோய் மிகுந்த இடத்தில் மருமகள்மீதும் மாமியார்மீதும் பழி போடுவதற்கு முன் எவரும் தயங்க வேண்டும் என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

நம் ஊரிலேயே இதற்குத் தொடர்பான முன்னோடி ஆய்வு ஒன்று உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), 193 நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைத் தந்தது. நெரிசலான எளிய வீடுகளில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை என்பதும் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு 1959இல் வெளியான இந்த ஆய்வு ஒரு பெருங்காரணம். தொற்றுவதில் பெரும்பகுதி நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே, சரியான மருந்து தொடங்குவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து உண்ணத் தொடங்கிய பின் ஒருவரைத் தனி அறையில் தள்ளி வைப்பதால், கடந்துபோன மாதங்களை எவராலும் மாற்ற இயலாது.

இதைப் படித்துவிட்டு, வீட்டாருக்குச் சோதனை வேண்டாம் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். ஒரே அறையில் உறங்குபவருக்குத் தொற்றும் வாய்ப்பு, தெருவில் போகும் ஒருவருக்கு உள்ளதைவிட நிச்சயமாக மிகுதி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் அது விரைவில் கடும் நோயாக மாறக்கூடும். எனவே வீட்டில் உள்ள அனைவரையும் சோதனைக்கு அழைத்து வாருங்கள். நோய் இல்லை என்று உறுதியானால், தடுப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார்.

முகவரி என்னும் சிறு செய்தி

வரைபட ஆய்வுகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. புள்ளி விழுவது வீட்டில். கிருமி தொற்றியது பேருந்திலோ, பட்டறையிலோ, வகுப்பறையிலோ இருக்கலாம். தொற்றிய பின் அவர் வீடு மாறியிருக்கலாம். இன்னும் கண்டறியப்படாத நோயாளர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. சங்கிலியின் நடுவில் உள்ள கண்ணி அவர்களாகவே இருக்கக்கூடும். அதனால் இப்போது வீட்டு முகவரியோடு நில்லாமல், பகல் பொழுதை எங்கே கழிக்கிறார் என்றும் ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வேறு ஒரு கவலையும் எங்களுக்கு உண்டு. வரைபடத்தில் ஒரு தெரு சிவப்பாகத் தெரிந்தால், அந்தத் தெருக்காரர்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காமலும் பெண் எடுக்கத் தயங்குவதுமாக ஆகிவிடலாம். தனி மனிதர்மீது விழுந்த பழியை எடுத்து ஒரு தெருவின் தலையில் வைத்ததாக முடியும். அதனால்தான் பொறுப்புள்ள ஆய்வாளர்கள் வெளியிடும் படங்களில் வீட்டை அடையாளம் காண முடியாதபடி புள்ளிகளைச் சற்று நகர்த்தியோ, பரப்பாகக் கலந்தோ காட்டுகிறார்கள்.

உங்கள் சளியில் இங்கே வழக்கமாகச் செய்யப்படும் மரபணுச் சோதனை, கிருமி உள்ளதா என்றும் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்றும் மட்டுமே பார்ப்பது. கிருமியின் முழு ஏட்டையும் அது படிப்பதில்லை. யாரிடமிருந்து வந்தது என்று அது சொல்லவும் சொல்லாது. ஆகவே அந்தச் சோதனையை எண்ணி உறவினர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

பதிவு மேசையில் சிலர் தவறான முகவரி தருவதை நாங்கள் அறிவோம். சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்தால் அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்களே என்ற அச்சம்தான் காரணம். அந்த அச்சத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் முகவரி தவறானால் எதிர்ப்பு இருப்பதாக அறிக்கை வந்தபின் உங்களைத் தேடிப் பிடித்து மருந்தை மாற்ற எங்களால் முடியாமற்போகிறது. அந்த இடைவெளியில் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் அதே கிருமி பரவிக்கொண்டிருக்கும். வீட்டிற்கு வர வேண்டாம் என்று விரும்பினால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேறு எங்கே, எப்போது சந்திக்கலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம். மேசையில் மற்றவர் காதில் விழும்படி பேச விருப்பமில்லை என்றால் தனி அறை கேளுங்கள். குடியிருக்கும் முகவரியோடு, பகலில் வேலை செய்யும் அல்லது படிக்கும் இடத்தையும் சொல்லுங்கள். சளிக் குப்பியைத் தருமுன் அதன்மேல் ஒட்டிய தாளில் உங்கள் பெயரும் எண்ணும் சரியாக உள்ளனவா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.